பட்டாளத்தானின் கால்கள்

வாங்கின வார்த்தையை வாங்கினபடியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பத்தில் எப்போதோ கொலை விழுந்திருக்கும். அவள் அப்படிச் செய்ததில்லை. "அந்தத் தறுதலைகிட்ட சொல்லு" என்று கணவர் ஆரம்பித்தால், "உங்கண்ணன் விசாரிச்சார் தம்பி" என்று கொழுந்தனிடம் போய் முடிப்பாள். "அந்தப் பெரிய மனுஷன்கிட்ட கேளுங்க" என்று கொழுந்தன் பல்லைக் கடித்தால், "தம்பி உங்க உடம்பு எப்படின்னு கேட்டார்" என்று அது வீடு வந்து சேரும். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தவள் அவள்தான். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்றைக்குக் காலையிலும் ஒரு தூது காத்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நீட்டிக்கொண்டே கணவர் சொன்னார். "அவன்கிட்ட கெடக்கிற அந்த இரும்பைக் கேட்டுட்டு வா. என்ன விலைன்னாலும் குடுத்துடலாம். ஓசியில வாங்கினான்னு பேச்சு வரக்கூடாது."

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"

"எதையாவது சொல்லு. உனக்கா பேசக் கத்துக்குடுக்கணும்?"

பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. அவள் லாரி சீட்டு உறை தைக்கும் மிஷினை மூடிவிட்டு எழுந்தாள்.

அந்த இரும்பு என்று அவர் சொன்னது தூக்கியை. வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்ற லாரிக்குத் தெருவில் பட்டாளத்தான் என்று பெயர். ஏதோ ஒரு சண்டைக்காகச் செய்து, சண்டை ஓய்ந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. மாமனார் எடுத்தது. அதன் முன் பம்பரில் ஒரு விஞ்ச், கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளை. அதில் சுற்றிய இரும்புக் கயிறு. பம்பரின் இரண்டு ஓரத்திலும் இரண்டு நீள இரும்புக் கால்களை நட்டு, மேலே அவற்றைச் சேர்த்துப் பூட்டி, அந்த உச்சியில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டால் பட்டாளத்தான் எதையும் தூக்குவான். அந்தக் கால்களும் கப்பியும் பின்னால் இழுத்துக் கட்டும் கயிறுகளும் சேர்ந்ததுதான் தூக்கி. பள்ளத்தில் கவிழ்ந்த வண்டி, கிணற்றுக்குள் விழுந்த மோட்டார், மாடிக்கு ஏற வேண்டிய தண்ணீர்த் தொட்டி, எதற்கும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் உள்ளே உட்கார்ந்து விஞ்ச்சைப் போடுவார். தம்பி வெளியே நின்று கையால் சைகை காட்டுவான்.

மாமனார் போன பிறகு பங்கு பிரிக்க வந்த சித்தப்பா ரொம்பக் கெட்டிக்காரர். லாரி மூத்தவனுக்கு, தூக்கி இளையவனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். ஒன்றில்லாமல் இன்னொன்று உதவாது, ஆகவே இவர்கள் பிரியவே முடியாது என்பது அவர் போட்ட கணக்கு. இந்த அண்ணன் தம்பியின் கொழுப்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உன் இரும்பு இல்லாமல் பிழைத்துக் காட்டுகிறேன் என்று ஒருவரும், உன் வண்டி இல்லாமல் வாழ்ந்து காட்டுகிறேன் என்று மற்றவனும் அன்றைக்கே படி இறங்கினார்கள். இரண்டு பேரும் காட்டவும் செய்தார்கள். பட்டாளத்தான் மணலும் செங்கல்லும் சுமந்தான். தம்பி கிரில் பட்டறையில் வெல்டிங் வைத்தான். இந்த வீம்பில் யாருக்கு என்ன லாபம் என்று அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது பட்டாளத்தானை வாங்க ஆள் வந்திருந்தது. பெரிய ரோட்டில் ஹோட்டல் வைத்திருப்பவர். வண்டியை வாசலில் நிறுத்தி, பின்பக்கம் பூந்தொட்டிகளை அடுக்கப் போகிறாராம். எங்கேயோ பழைய போட்டோவில் தூக்கியோடு பார்த்துவிட்டார். "முழுசா இருந்தா எடுத்துக்கறேன். தூக்கி இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பூந்தொட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் கணவர் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்த வண்டியின் கிளட்சை மிதிப்பது சுவரை மிதித்து நகர்த்துவது போல. "இன்னும் இந்தக் காலால கிளட்ச் மிதிச்சீங்கன்னா, அப்புறம் நடக்கிறதை மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். சவாரி இல்லாத நாளில்கூட ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இறங்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் உள்ளே மிஷினில் இருக்கும் அவளுக்குக் கேட்கும். வண்டி வாசலைவிட்டுப் போனால்தான் அந்தக் கால் பிழைக்கும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கொழுந்தன் வீட்டுப் பின்கட்டில் ஈரத் துணிகள் தொங்கின. இந்த முனையில் ஒரு இரும்புக் கால், அந்த முனையில் ஒரு இரும்புக் கால், நடுவில் கயிறு. யானையைத் தூக்குகிற இரும்பு இத்தனை வருஷமாக ஒரு குடும்பத்தின் பாவாடைகளையும் போர்வைகளையும் தூக்கிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா. இன்னைக்கு என்ன திட்டு கொண்டாந்தீங்க?" என்றாள் ஓரகத்தி, ஒரு போர்வையைப் பிழிந்தபடி. அவளும் இதே வேலையை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள்தான். இருவருக்கும் நடுவே ஒளிவுமறைவு குறைவு.

"திட்டு இல்ல. வியாபாரம். இந்தக் கால் ரெண்டையும் எங்க வீட்டுக்காரர் கேக்கறார். கப்பியோட சேத்து."

ஓரகத்தி போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் துணியை எங்கக்கா காயப்போடறது?" என்றாள். பிறகு தானே சிரித்துவிட்டாள்.

என்ன விலையானாலும் கொடுக்கலாம் என்று கணவர் சொல்லியனுப்பிய தைரியத்தில் அவள் பெரிய தொகையாக ஒன்றைச் சொன்னாள். ஓரகத்தி பதறிப்போனாள்.

"ஐயையோ, அவ்வளவெல்லாம் ஆகாதுக்கா. அண்ணன்கிட்ட அள்ளிட்டான்னு நாலு பேர் பேசினா இவருக்குச் சோறு இறங்காது. பாதி குடுங்க போதும்."

"பாதிக்கு வாங்கினா அவருக்குச் சோறு இறங்காதுடி. ஏத்திச் சொல்லு."

"ஏத்த மாட்டேன்."

"உன் கால்ல விழறேன், கொஞ்சம் ஏத்து."

வாங்குகிறவள் விலையை ஏற்ற, விற்கிறவள் இறக்க, ஒரு வழியாக நடுவில் வந்து நின்றார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. இந்த ஆண்களின் மானத்தைக் காப்பாற்றுவதற்குள் பெண்களுக்கு ஆயுசு போய்விடும்.

"கப்பி எங்க?"

"பரண்மேல. கோணி சுத்தி வெச்சிருக்கார். வருஷத்துக்கு ஒருவாட்டி இறக்கி, கிரீஸ் வெச்சு, குழந்தையைக் குளிப்பாட்டின மாதிரி தொடச்சு மறுபடியும் மேல வெப்பார். என் கம்மலுக்குக்கூட இந்த வீட்ல அவ்வளவு பத்திரம் கிடையாது."

கேட்டதும் அவளுக்கு ஏதோபோல் இருந்தது. விற்கிற பொருளுக்கு யாரும் வருஷா வருஷம் கிரீஸ் வைப்பதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வந்தான். வெல்டிங் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. சட்டையெங்கும் பொறி பட்ட ஓட்டை. ஓரகத்தி விஷயத்தைச் சொன்னதும் அவன் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். துணிகள் அவன் முகத்தில் இடித்தன, அவன் விலக்கவில்லை.

"விலையை விடுங்க அண்ணி. ஒரே ஒரு கேள்வி. வேலைக்கா, காட்சிக்கா?"

அவள் காய்கிற ஒரு பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"வேலைக்குன்னா நாளைக்கே கொண்டாந்து நானே மாட்டித் தரேன். எங்கயாவது நிறுத்தி வேடிக்கை காட்டறதுக்குன்னா, இதுல துணியே காயட்டும்."

"வேலைக்குத்தான் தம்பி."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷமும் செய்தது வார்த்தைக்குச் சர்க்கரை தடவுகிற வேலை. இது பச்சைப் பொய். அதுவும் ஒரு நாள்கூடத் தாங்காத பொய். நாளைக்குத் தூக்கியை மாட்டுவான். மறுநாள் ஹோட்டல்காரர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். அண்ணி சொன்னாளே என்று நம்பின மனுஷன் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் சொன்னது பொய் என்று திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று தெருமுனையில் ஒரு முறை நின்றாள். சொன்னால் தூக்கி வராது. தூக்கி வராவிட்டால் வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் அந்தக் கால் போய்விடும். அவள் நடையைக் கட்டினாள். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. அன்று இரவு தூக்கமும் இல்லை.

மறுநாள் காலையில் பட்டறை வண்டியில் கொழுந்தனோடு தூக்கி வந்து இறங்கியது. உடன் வந்த ஆட்கள் கால்களைத் தூக்கிப் பம்பர்மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கணவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே பட்டாளத்தானில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இடிச்ச புளி மாதிரி நேராகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கொழுந்தன் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. தகர டப்பாவிலிருந்து எண்ணெயில் ஊறிய இரும்புப் பின்களை எடுத்து, பம்பரின் ஓட்டையோடு காலின் ஓட்டை நேராகும்வரை கண்ணை இடுக்கிப் பார்த்து, சுத்தியலால் இறக்கினான். வலது கால் ஒரே அடியில் போய் உட்கார்ந்தது. இடது கால் கொஞ்சம் அடம் பிடித்தது. உச்சியைப் பூட்டிக் கப்பியை மாட்டி, கயிறுகளைப் பின்னால் இழுத்துக் கட்டி முடித்ததும், பட்டறை ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் மட்டும் போகவில்லை.

"அண்ணி, ஒரு தூக்குத் தூக்கிப் பாத்துடணும். வேலைக்குப் போற வண்டி பாருங்க."

அந்த 'வேலைக்கு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணால் அவன் காட்டிய இடத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பட்டாளத்தானின் பழைய இன்ஜின் கிடந்தது. புதிசு மாற்றியபோது கழற்றிப் போட்டது. அவள் கால் விரல் அதில் இடிக்காத நாள் கிடையாது. நகர்த்துங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தூக்குவதற்குத்தான் தூக்கி இல்லையே.

கணவர், கை நீட்டினால் தம்பிக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் அவள் கதவருகே போய்ச் சொன்னாள். "தம்பி அந்த இன்ஜினைத் தூக்கிப் பாக்கலாங்கறார்."

"கொக்கியைச் சரியா மாட்டச் சொல்லு."

"கொக்கியைச் சரியா..."

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றான் கொழுந்தன், அவள் முடிப்பதற்குள்.

அவள் சொல்லவில்லை. விலகி நின்றுகொண்டாள்.

பட்டாளத்தான் இருமி, கறுப்பாகப் புகை விட்டு உறுமினான். வண்டியைத் திருப்பி, இன்ஜினுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார் கணவர். கொழுந்தன் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டு, வெளிச்சமான இடத்தில் போய் நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

அவளுக்கு அந்தச் சைகைகள் அத்தனையும் அத்துப்படி. இருவரும் சேர்ந்து வேலை செய்த காலத்தில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துப் படிந்தது. மேலே விரலைச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து, அப்படியே பிடி. இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் குறுக்கே போட்டால் வேலை முடிந்தது, ஆஃப் செய். இதற்கு மாமனார் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, சைகை ஒரே ஒரு ஆளுடைய கையிலிருந்துதான் வர வேண்டும். ஊரே கத்தினாலும் டிரைவர் திரும்பக் கூடாது. இரண்டாவது, முஷ்டி விழுந்தால் அடுத்த சைகை வரும்வரை கிளட்சிலிருந்து கால் எழும்பக் கூடாது. எழும்பினால் விஞ்ச் மறுபடி சுற்றிவிடும். விஞ்ச்சின் லீவரை நடுவில் தள்ளிவிட்டுக் காலை எடுக்கலாம்தான். அதற்கும் அவர் சட்டத்தில் சைகை வேண்டும்.

விரல் சுற்றியது. கயிறு விறைத்தது. பட்டாளத்தானின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, அந்தப் பழைய இன்ஜின் தரையை விட்டு எழுந்தது. அடியில் ஒட்டியிருந்த மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. கொழுந்தனின் இரண்டு விரல் லேசாக மடங்கியது, விஞ்ச் மெதுவானது. சுண்டுவிரல் ஆடியது, கயிறு ஒரு சாண் ஏறி நின்றது. கணவரின் கண் அந்தக் கையைவிட்டு இமைக்கவில்லை. இத்தனை வருஷம் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காதவர்கள் இப்போது வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  இதைத்தான் இரண்டாகக் கிழித்துப் பங்கு வைத்தார்கள் பாவிகள்.

முஷ்டி விழுந்தது. இன்ஜின் அவள் இடுப்புயரத்தில் தொங்கியது.

கொழுந்தன் முஷ்டியைப் பிடித்தபடியே, தலையைத் திருப்பாமல், பக்கத்தில் நின்ற அவளிடம் வாயோரத்தால் பேசினான். "ஹோட்டல்காரர் மொதல்ல என் பட்டறைக்குத்தான் வந்தார் அண்ணி. தூக்கி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என்னைப் பொய் சொல்ல வெச்சீங்க? ராத்திரி பூரா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"வேற எப்படி அண்ணி கேக்கறது? கடைசியா ஒருவாட்டி சேந்து தூக்கிப் பாக்கலாம்னு சொல்லியனுப்பினா, அவர் வண்டியில ஏறியிருப்பாரா?"

அவன் குரல் உடைந்தது. முஷ்டி மட்டும் அப்படியே நின்றது. அடுத்த சைகையைக் காட்டினால் எல்லாம் முடிந்துபோகும். அதனால் காட்டாமல் நின்றான். இன்ஜின் லேசாகச் சுழன்றது. பட்டாளத்தான் உறுமிக்கொண்டே இருந்தான்.

அவள் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். கணவரின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. உதட்டைக் கடித்திருந்தார். திறந்த ஜன்னல் வழியாக அவருடைய இடது தொடை தெரிந்தது. அது அவள் தையல் மிஷினின் ஊசி போலத் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. முஷ்டி நிற்கும்வரை அவர் காலை எடுக்கமாட்டார். கால் முறிந்தாலும் எடுக்கமாட்டார். அவன் முஷ்டியை இறக்கமாட்டான். கல்லுளிமங்கன்கள். அப்பன் போட்ட சட்டத்தில் இரண்டு பேரும் நின்று செத்தாலும் சாவார்கள்.

"இறக்கச் சொல்லுங்க தம்பி. அவர் காலைப் பாருங்க."

அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து, அவனுக்கு எதிரே வண்டியே தெரிந்திருக்காது.

அவள் அவனைத் தாண்டிப் போய், பட்டாளத்தானுக்கு நேர் எதிரே நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வலது கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். இறக்கு.

கணவரின் கண் அவளிடம் வந்தது, தம்பியின் முஷ்டிக்குப் போனது, மறுபடி அவளிடம் வந்தது. ஒரே ஒரு ஆளுடைய கை. அவர் தலையை அசைத்தார், முடியாது என்பதுபோல.

"என் கையைப் பாருங்க!" என்று கத்தினாள். வண்டியின் உறுமலில் அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் இத்தனை வருஷத்தில் அண்ணன் தம்பிக்கு நடுவில் நின்று, அடுத்தவர் வார்த்தையைச் சுமக்காமல், அவள் தன் வார்த்தையாகச் சொன்னது அது ஒன்றுதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அவள் உள்ளங்கையை அசைத்தாள். மெதுவாக. இன்னும் மெதுவாக.

கயிறு இளகியது. பழைய இன்ஜின் இறங்கி, எப்போதும் அவள் கால் விரலை இடிக்கிற அதே இடத்தில், அதே குழியில் போய் உட்கார்ந்தது. அவள் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் குறுக்கே போட்டு, நன்றாகத் தெரியும்படி நின்றாள்.

பட்டாளத்தான் அடங்கினான். தெருவே ஒரு நொடி செவிடானது போல இருந்தது.

கணவர் இறங்க நெடுநேரமாயிற்று. பம்பரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்றார். கொழுந்தன் கையை இறக்கிச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு வண்டி போகுது" என்றார் கணவர், இரும்புக் காலைப் பார்த்து.

பழக்கதோஷத்தில் அவள் கொழுந்தன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"கேட்டுச்சு அண்ணி" என்றான் அவன். பிறகு அண்ணனைப் பார்த்து, "தெரியும்" என்றான்.

கணவர் இடது பக்கத்துப் பின்னைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இது ஆடுது."

"பின் ஆடல. உன் பம்பர் ஓட்டைதான் தேஞ்சு கெடக்கு."

"என் பம்பரா? துணி காயப்போட்டுக் காலை வளைச்சு வெச்சது நீ."

"வளைஞ்சிருக்கா? எங்க வளைஞ்சிருக்கு, காட்டு பாப்போம்."

அவள் உள்ளே போனாள். மூடிக் கிடந்த தையல் மிஷினுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். வெளியே சத்தம் ஏறிக்கொண்டே போனது. தறுதலை என்றது ஒரு குரல். ஆமா, நீதான் பெரிய மனுஷன் என்றது இன்னொன்று. எல்லாம் அவளுக்குப் பழகிய வார்த்தைகள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவை தாமாகவே போய்க்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் அவள் சர்க்கரை தடவ வேண்டியிருக்கவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில் அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.